மாடிப்படிக்குக் கீழே ஒரு ஜிப் கடை

ஜனவரி 12

அனுப்புநர்: அப்பா, வீடு.
பெறுநர்: மகள், மகளிர் விடுதி, பொறியியல் கல்லூரி.

பொருள்: கல்லூரியை இடையில் நிறுத்திவிட்டு ஜிப் பழுது பார்க்கும் கடை வைக்க மகள் அனுமதி கேட்டது – விளக்கம் கோருதல் – தொடர்பாக.
பார்வை: 1. ஞாயிறு மாலை நடந்த தொலைபேசி உரையாடல். 2. அதன் முடிவில் உன் அம்மா வாய்மொழியாகப் போட்ட உத்தரவு.

அன்புள்ள மகளுக்கு,

இங்கு நானும் உன் அம்மாவும் சுகமாக இருக்கிறோம். உன் உடல்நிலை பற்றி உடன் தெரிவிக்கவும்.

பார்வை ஒன்றில் கண்ட உரையாடலில் நான் சற்று உரக்கப் பேசிவிட்டதாக உன் அம்மா கருதுகிறாள். மாடி வீட்டுக்காரர் இறங்கி வந்து, "யாருக்காவது உடம்புக்கு ஏதாவது ஆயிடுச்சா?" என்று கேட்டது உண்மைதான். ஆனால் அவருக்குக் கேட்டதில் பாதி உன் குரல். நான் போனைக் காதிலிருந்து தள்ளித்தான் பிடித்திருந்தேன்.

பார்வை இரண்டில் கண்ட உத்தரவின்படி, இந்த விஷயம் முடிகிறவரை நீயும் நானும் போனில் பேசக்கூடாது. எதுவானாலும் எழுத்தில்தான் இருக்க வேண்டும். "எழுதும்போது கத்த முடியாதுல்ல" என்பது அவள் வாதம். மேல்முறையீடு செய்து பார்த்தேன், பலனில்லை.

ஆகவே, மூன்றாம் ஆண்டு படிக்கிற, இன்னும் ஒரே ஆண்டு பாக்கி இருக்கிற ஒரு பெண்ணுக்கு இப்படி ஓர் எண்ணம் எப்படி வந்தது என்பதை விவரமாக எழுதவும். அலுவலகத்தில் ஒருவர் விடாமல் "என் பொண்ணு இன்ஜினியர் ஆகப்போறா" என்று சொல்லி வைத்திருக்கிறேன். இனி என்ன சொல்வது? "ஜிப்பு ரிப்பேர் பண்றா" என்றா?

தக்க பதிலை எதிர்நோக்கும்,
அப்பா

(நான் அம்மா. எழுதினாலும் கத்துகிற மாதிரிதான் இருக்கிறது. ஆனால் மாடி வீட்டுக்குக் கேட்காது. நீ பயப்படாமல் பதில் எழுது.)


ஜனவரி 21

அன்புள்ள அப்பாவுக்கு,

மகள் எழுதுகிறேன். சளி விட்டுவிட்டது. சாப்பிடுகிறேன், தூங்குகிறேன், அம்மாவிடம் சொல்லவும். உங்கள் முட்டி வலி தேவலையா?

அப்பா, வீட்டுக் கடிதத்துக்குக்கூடப் பொருள், பார்வை போடுவீர்கள் என்று நான் நினைக்கவேயில்லை. என் அறைத்தோழி அதைப் படித்துவிட்டு, "உங்கப்பா உன்மேல வழக்கு போட்டிருக்காராடி?" என்று கேட்டாள்.

எண்ணம் வந்தது அவளால்தான். போன மழையில் அவளுடைய ரெயின்கோட்டின் ஜிப் கழுத்தோடு சிக்கிக்கொண்டது. கழற்ற முடியாமல் காலை வகுப்பு முழுக்க அதோடு உட்கார்ந்திருந்தாள். பேராசிரியர் அவளை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, "உள்ளேயும் பெய்யுதாம்மா?" என்று கேட்டார். மத்தியானம் நான் ஒரு குறடு எடுத்து அதைச் சரி செய்தேன். சாயங்காலம் பக்கத்து அறைக்காரி பையோடு வந்தாள். மறுநாள் வார்டன் பெட்டியோடு வந்தார். அதற்குப் பிறகு விடுதியில் என் பெயர் 'ஜிப்பம்மா'.

பல்லுப் போச்சு என்று நினைத்து எல்லோரும் பையையே தூக்கி எறிகிறார்கள். பெரும்பாலும் பல் நன்றாகத்தான் இருக்கும். மேலும் கீழும் ஓடுகிற அந்த ரன்னர்தான் வாயைப் பிளந்துகொண்டு கிடக்கும். அதை இரண்டு பக்கமும் பதமாக அழுத்தினால் போதும்.

கல்லூரிக்கு எதிரே ஒரு தையல்கடை இருக்கிறது. அந்தக் கடை அக்காவுக்கு எந்த வேலையும் வரும், ஜிப் மாற்றுகிற வேலை மட்டும் வேம்பு. பிரிக்க அரை நாள், தைக்க அரை நாள், வாங்குகிறவன் முகத்தில் சிரிப்பும் இருக்காது என்பார். அவர் கடைக்கு வெளியே மாடிப்படிக்குக் கீழே ஓர் இடம் சும்மா கிடக்கிறது. நிமிர்ந்தால் தலை இடிக்கும், உட்கார்ந்தால் அரண்மனை. "நீ உக்காந்தா வர்ற ஜிப்பையெல்லாம் உன் பக்கம் தள்ளிவிடுறேன்" என்கிறார்.

ஒரு வருஷம் பொறுத்தால் என்ன என்று கேட்பீர்கள். அந்த இடம் பொறுக்காது. படித்துக்கொண்டே பார்க்கலாமே என்பீர்கள். போன மாதம் பார்த்தேன், வருகைப் பதிவு படுத்துவிட்டது. வகுப்பில் உட்கார்ந்திருக்கும்போது என் கை சும்மா இருக்கிறது அப்பா. அதுதான் தாங்க முடியவில்லை.

விலகல் மனுவில் பெற்றோர் கையெழுத்து வேண்டுமாம். இதோடு வைத்திருக்கிறேன். கையெழுத்துப் போட்டு அனுப்பினால் போதும்.

கோபப்படாமல் படித்தீர்கள் என்று நம்பும்,
உங்கள் மகள்


பிப்ரவரி 4

பொருள்: மனுதாரரின் விலகல் மனு – குறைபாடுகளுடன் திருப்பி அனுப்புதல் – தொடர்பாக.
பார்வை: உன் ஜனவரி 21 கடிதம்.

அன்புள்ள மகளுக்கு,

இருவரும் நலம். முட்டி அப்படியேதான் இருக்கிறது.

மனுவைப் படித்தேன். முப்பது வருஷமாக மற்றவர்கள் எழுதிக் கொண்டுவருகிற மனுவைத் திருத்துவதுதான் என் பிழைப்பு. இப்படி ஒரு மனுவை என் வீட்டுப் பெண்ணே எழுதுவாள் என்று எதிர்பார்க்கவில்லை. 'எனக்குப் படிக்கப் பிடிக்கவில்லை, ஆகவே விலகுகிறேன்' என்று எழுதியிருக்கிறாய். இதை யார் பார்த்தாலும் முதல் பார்வையிலேயே நிராகரிப்பார்கள். காரணம் எங்கே? ஆதாரம் எங்கே? வேண்டுகோளை முதல் வரியிலேயே போட்டுவிட்டால் கீழே இருப்பதை யார் படிப்பார்கள்? சிவப்பு மையில் திருத்தியிருக்கிறேன். மீண்டும் எழுதி அனுப்பவும்.

கையெழுத்துப் போடுவது பிறகு. அதற்கு முன் சில விவரங்கள் தேவை. ஒருவேளை மக்கள் எல்லோரும் மறுபடியும் பொத்தானுக்கே போய்விட்டால் மனுதாரர் என்ன செய்வார்? மழைக்காலத்தில் மாடிப்படிக்குக் கீழே தண்ணீர் தேங்குமா? ரன்னரை அளவுக்கு மீறி அழுத்தினால் இரண்டாக உடைந்துவிடும் என்று கேள்விப்படுகிறேன். இந்த அபாயத்தை மனுதாரர் யோசித்தாரா? உடைந்தால் அடுத்து என்ன செய்ய வேண்டும்? இந்தக் கேள்விக்கு மட்டும் சற்று விரைவாகப் பதில் வேண்டும். அலுவலக நண்பர் ஒருவருக்காகக் கேட்கிறேன்.

மேலும், கடைக்கு வாராந்திர, வருடாந்திர விடுமுறைகள் எவை என்பதையும் குறிப்பிடவும்.

இப்படிக்கு,
அப்பா

(அலுவலக நண்பராவது ஒன்றாவது. இவருடைய ஆபீஸ் பைதான். உன் கடிதத்தைப் படித்த அன்று ராத்திரியே குறடு எடுத்து நெறிநெறி என்று நெறித்தார். ரன்னர் இரண்டு துண்டு. இப்போது பையைக் கயிற்றால் கட்டி எடுத்துக்கொண்டு போகிறார். பார்க்கிறவர்கள் ஊரை விட்டுப் போகிறார் என்று நினைப்பார்கள். – அம்மா)


பிப்ரவரி 15

அன்புள்ள அப்பாவுக்கு,

நான் நல்லபடியாக இருக்கிறேன். விடுதிச் சாப்பாடு எப்போதும்போல், குறை சொல்லும்படி இருக்கிறது.

மனுவை நீங்கள் சொன்னபடி மாற்றி எழுதியிருக்கிறேன். உண்மையைச் சொன்னால், இது நன்றாகத்தான் இருக்கிறது.

உங்கள் அலுவலக நண்பரிடம் பயப்பட வேண்டாம் என்று சொல்லவும். எல்லோரும் முதல் ரன்னரை உடைத்துத்தான் கற்றுக்கொள்கிறார்கள், நான் நான்கு உடைத்தேன். புது ரன்னர் ஒன்றை இந்த உறைக்குள் வைத்திருக்கிறேன். ஜிப்பின் அடிமுனையில் தையலைக் கொஞ்சம் பிரித்துவிட்டு, இரண்டு பக்கப் பல்லையும் சமமாக உள்ளே விட வேண்டும். ஒரு பல் முன்னே பின்னே இருந்தாலும் கோணிக்கொள்ளும். பிறகு தையலைப் போட்டுவிடலாம். அழுத்தும்போது ஒரே மூச்சில் அழுத்தக்கூடாது. இந்தப் பக்கம் கொஞ்சம், அந்தப் பக்கம் கொஞ்சம், நடுவில் ஒருமுறை இழுத்துப் பார்க்க வேண்டும். இறுக்கமாக ஓடினால் மெழுகுவர்த்தியைப் பல்லில் தேய்க்கச் சொல்லவும். உங்கள் நண்பர் பலசாலியாக இருந்தால், குறட்டை இடது கையில் பிடிக்கச் சொல்லவும்.

பொத்தானுக்குப் போனால் பொத்தான் தைப்பேன். மழைத் தண்ணீர் தேங்காது, தையல்கடை அக்கா அங்கே மரப்பலகை போட்டு உயர்த்தியிருக்கிறார். ஒரு ஜிப்புக்கு எவ்வளவு நேரம் ஆகும், இரண்டாம் முறை அழுத்தினால் ஏன் உடைகிறது, எந்தப் பைக்கு எந்த அளவு ரன்னர் என்பதையெல்லாம் தனித் தாளில் எழுதியிருக்கிறேன். நீங்கள் கேட்டதால்தான் உட்கார்ந்து யோசித்தேன். அதற்கு நன்றி.

விடுமுறையா? சொந்தக் கடை வைத்தவளுக்கு விடுமுறை ஏது அப்பா? பையோடு வருகிறவர்கள் ஞாயிற்றுக்கிழமைதான் வருவார்கள்.

கையெழுத்துக்காகக் காத்திருக்கும்,
ஜிப்பம்மா


மார்ச் 11

பொருள்: மனு இரண்டாம் முறையாகத் திருப்பி அனுப்பப்படுதல் – கூடுதல் விவரம் கோருதல் – தொடர்பாக.
பார்வை: உன் பிப்ரவரி 15 கடிதம், தனித் தாளுடன்.

அன்புள்ள மகளுக்கு,

இங்கு எல்லாம் வழக்கம்போல். பதில் தாமதமானதற்கு வேலைப்பளுவே காரணம். வேறு ஒன்றும் இல்லை.

மனு முன்னைவிட மேல். ஆனால் தனித் தாளில் நீ எழுதியிருப்பதுதான் மனுவின் உயிர், அதைப் போய்த் தனித் தாளில் வைத்திருக்கிறாயே. உள்ளே கொண்டுவர வேண்டும். எந்தெந்த ஆட்சேபம் வரும் என்று முன்கூட்டியே யோசித்து ஒவ்வொன்றுக்கும் பதிலை அங்கேயே சொல்லிவிட வேண்டும். எப்படி என்று மாதிரிக்கு நானே ஒரு நகல் எழுதியிருக்கிறேன். பார்த்து எழுதவும்.

என் நண்பரின் பை சரியாகிவிட்டது. அதன் தொடர்ச்சியாக ஒரு சம்பவம். சென்ற வாரம் கூட்டம் தொடங்குகிற நேரத்தில் எங்கள் அலுவலகத்தில் ஒருவருக்கு, அவர் யார் என்பது வேண்டாம், கால்சட்டையில் மேலே ஏறாமலும் கீழே இறங்காமலும் ஓர் இக்கட்டான நிலை ஏற்பட்டது. அவர் கதவைத் தாழிட்டுக்கொண்டு வெளியே வர மறுத்தார். மேசை இழுப்பறையிலிருந்த மெழுகுவர்த்தியை எடுத்துக்கொண்டு நான் போனேன். நீ சொன்னபடி இந்தப் பக்கம் கொஞ்சம், அந்தப் பக்கம் கொஞ்சம். கூட்டம் குறித்த நேரத்தில் நடந்தது. இது தகவலுக்காக மட்டும். இதை அனுமதியாக எடுத்துக்கொள்ளக் கூடாது.

இன்னும் தேவைப்படும் விவரங்கள்: கடையிலிருந்து பேருந்து நிலையம் எவ்வளவு தூரம்? நம் வீட்டுப் பக்கம் வருகிற கடைசிப் பேருந்து கடை அடைத்தபின் கிடைக்குமா? மனுதாரருக்குக் காய்ச்சல் வந்தால் கடையை யார் பார்ப்பார்கள், மனுதாரரை யார் பார்ப்பார்கள்? விடுமுறை பற்றிய உன் பதில் திருப்திகரமாக இல்லை. மீண்டும் பரிசீலிக்கவும்.

இப்படிக்கு,
அப்பா

(கதவைத் தாழிட்டுக்கொண்டது அவர்களுடைய தலைமை அதிகாரி. வீட்டுக்கு வந்து மூன்று தரம் சொல்லிவிட்டார், நான்காம் தரம் மாடி வீட்டுக்காரரிடம் சொன்னார். – அம்மா)


மார்ச் 19

கண்ணு,

அம்மா தனியாக எழுதுகிறேன். உடம்பைப் பார்த்துக்கொள். தலைக்கு எண்ணெய் வைக்கிறாயா இல்லையா?

இங்கே வீடு வீடாக இல்லை. மாடி வீட்டுக்காரர் பயணப் பெட்டியைக் கொண்டுவந்தார். எதிர்வீட்டம்மா தலையணை உறையைக் கொண்டுவந்தார். உங்கப்பா கூடத்து நாற்காலியில் கண்ணாடியை மூக்கு நுனிக்கு இறக்கிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார். "பல்லு நல்லாத்தான் இருக்கு, ரன்னர்தான் வாயைப் பொளந்திருக்கு" என்று வைத்தியர் மாதிரி சொல்கிறார். ஜிப் கடை வேண்டாம் என்று சொல்கிற மனுஷன் இவர்.

ஆனால் ஒரு விஷயம் உன்னிடம் சொல்லாமல் இருக்க முடியவில்லை. நீ பாவம், கேட்கிற கேள்விக்கெல்லாம் மாங்கு மாங்கு என்று பதில் எழுதிக்கொண்டிருக்கிறாய். உங்கப்பா ஆபீஸில் ஒரு கோப்பு நகரக் கூடாது என்று நினைத்தால் என்ன செய்வார் தெரியுமா? 'முடியாது' என்று ஒரு நாளும் எழுத மாட்டார். விவரம் கேட்பார். விவரம் வந்தால் கூடுதல் விவரம் கேட்பார். கேட்டுக்கொண்டே இருந்தால் கொண்டுவந்தவனே அலுத்துப் போய்விடுவான். கல்யாணமான புதிதில் ஒரு தையல் மெஷின் வாங்கலாம் என்று கேட்டேன். எங்கே வைப்பது, வெளிச்சம் எந்தப் பக்கம், சத்தம் எவ்வளவு என்று கேட்டார். இன்றுவரை விவரம் கொடுத்து முடியவில்லை.

உன் கோப்பும் அந்த அலமாரிக்குத்தான் போய்க்கொண்டிருக்கிறது. ஏன் இப்படிச் செய்கிறார் என்றுதான் எனக்குப் பிடிபடவில்லை. ராத்திரி உன் கடிதங்களை எடுத்து எடுத்துப் படிக்கிறார். கேட்டால், "சரிபார்க்கிறேன்" என்கிறார்.

நான் சொன்னதாகச் சொல்லிவிடாதே. அப்புறம் என்னையும் எழுத்தில் பேசச் சொல்வார்.

அன்போடு,
அம்மா


ஏப்ரல் 14

பொருள்: கூடுதல் விவரம் வரப்பெறாமை – நினைவூட்டு.
பார்வை: என் மார்ச் 11 கடிதம்.

அன்புள்ள மகளுக்கு,

நலம். நீயும் அவ்வாறே என்று உன் அம்மா மூலம் தெரிகிறது. அவளிடம் போனில் பேசுகிறாய், எனக்கு எழுதவில்லை. தேர்வுகள் நடக்கின்றன என்பதைக் கருத்தில் கொண்டு மேலும் கால அவகாசம் வழங்கப்படுகிறது.

அப்பா


மே 3

பொருள்: நினைவூட்டு – இரண்டாவது.

அன்புள்ள மகளுக்கு,

தேர்வுகள் முடிந்திருக்கும். இன்னும் பதில் இல்லை. என் கடிதத்தில் ஏதாவது தவறாக எழுதிவிட்டேனா என்று நகலை எடுத்துப் படித்துப் பார்த்தேன். பிழை ஒன்றும் கண்ணில் படவில்லை.

சாப்பிடுகிறாயா?

அப்பா


மே 7

அப்பா,

சாப்பிடுகிறேன். நீங்கள் நலம்தானே.

இந்த முறை விவரம் ஒன்றும் வராது. நான் எத்தனை பதில் எழுதினாலும் நீங்கள் இன்னொரு கேள்வி வைத்திருப்பீர்கள் என்று எனக்குத் தெரிந்துவிட்டது. யார் சொன்னார்கள் என்று கேட்க வேண்டாம், நானே கண்டுபிடித்தேன். 'கூடாது' என்று ஒரு வார்த்தை எழுதியிருந்தால் நான் சண்டை போட்டிருப்பேன். அழுதிருப்பேன். அது எனக்குத் தெரிந்த அப்பா. இப்படிச் சிரித்த முகமாக இழுத்தடிக்கிறவரிடம் எப்படிச் சண்டை போடுவது? நான்கு மாதமாக, அப்பா நம் பக்கம் வந்துகொண்டிருக்கிறார் என்று நம்பி, ராத்திரி பகலாக உட்கார்ந்து பதில் எழுதிய என்னைப் பார்த்தால் எனக்கே பாவமாக இருக்கிறது.

பூட்டுக்குச் சாவி செய்கிற ஒருவர் மாடிப்படி இடத்தைக் கேட்டு நடையாய் நடக்கிறார். தையல்கடை அக்கா இந்த மாதக் கடைசி வரை எனக்காகப் பார்ப்பதாகச் சொல்லியிருக்கிறார். ஜூன் மாதம் நான்காம் ஆண்டுக்குப் பதிவு. இரண்டில் ஒன்றுதான் நடக்கும்.

மனு இதோ, நீங்கள் எழுதிய மாதிரியைப் பார்த்து ஒரு எழுத்து விடாமல் எழுதியது. கையெழுத்துப் போடுங்கள், அல்லது மாட்டேன் என்று சொல்லுங்கள். எதுவானாலும் பொருளும் பார்வையும் இல்லாமல் எழுதுங்கள். உங்களுக்கு என்னதான் பயம் என்று எனக்குத் தெரிய வேண்டும்.

மகள்


மே 16

அன்புள்ள மகளே,

எப்படி ஆரம்பிப்பது என்று தெரியவில்லை. முதலில் 'பொருள்' என்று எழுதிவிட்டேன், அடித்துவிட்டேன். மூன்று தாள் வீணாகிவிட்டது. உன் அம்மா காகிதத்தின் விலையைச் சொல்லிவிட்டுப் போகிறாள். நாங்கள் இரண்டு பேரும் நன்றாக இருக்கிறோம். அது உண்மை. மற்றதையும் உண்மையாகவே எழுதப் பார்க்கிறேன்.

நீ சொன்னது சரி. நான் இழுத்தடித்தேன். முதல் கடிதம் எழுதும்போது, இதெல்லாம் ஒரு மாதத்தில் வடிந்துவிடும், கடையாவது ஓடுவதாவது என்றுதான் நினைத்தேன். அப்புறம் உன் தனித் தாள் வந்தது. படித்தேன். ஆபீஸில் எவ்வளவோ பெரிய ஆட்கள் எழுதியதைப் படித்திருக்கிறேன், இவ்வளவு தெளிவாக ஒருவரும் எழுதியதில்லை. பையும் சரியாகிவிட்டது. அன்றைக்கே எனக்குத் தெரிந்துவிட்டது, இந்தக் கடை ஓடும் என்று. அதற்கப்புறம்தான் நான் நிறையக் கேள்வி கேட்க ஆரம்பித்தேன்.

கல்லூரி என்றால் ஒரு நாள் முடியும். முடிந்தால் பெட்டியைத் தூக்கிக்கொண்டு வீட்டுக்கு வருவாய். இங்கே பக்கத்தில் ஏதாவது வேலைக்குப் போவாய், சாயங்காலம் வந்து அம்மாவோடு வம்பளப்பாய், நான் பேப்பர் படிக்கிற மாதிரி உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருப்பேன். மூன்று வருஷமாக நான் அப்படித்தான் ஓட்டிக்கொண்டிருக்கிறேன். கடைக்கு அப்படி ஒரு முடிவு கிடையாதே. அதுவும் நன்றாக ஓடுகிற கடைக்கு. நீ அந்த ஊர்க்காரி ஆகிவிடுவாய். 'விடுமுறை ஏது அப்பா' என்று நீ விளையாட்டாகத்தான் எழுதினாய். எனக்கு அன்று சாப்பாடு இறங்கவில்லை.

இதை எழுதவும் முடியாமல், போனிலும் பேச முடியாமல், எனக்குத் தெரிந்த வேலையைச் செய்தேன். உன்னைக் காக்க வைத்துவிட்டேன். மனசு கஷ்டமாக இருக்கிறது.

மனுவில் கையெழுத்துப் போட்டுவிட்டேன். உன் கையெழுத்து அழகாக இருக்கிறது. ஆபீஸில் என்ன சொல்வது என்ற கவலையும் விட்டது. தலைமை அதிகாரியே நேற்று, "உங்க பொண்ணு எப்ப கடை திறக்கிறாங்க?" என்று கேட்டார்.

உன்,
அப்பா


மே 29

அப்பா,

எனக்கு ஒரு குறையும் இல்லை. உங்கள் கடிதத்தைப் படித்துவிட்டுக் கொஞ்ச நேரம் அழுதேன், அவ்வளவுதான். அறைத்தோழி, "தீர்ப்பு வந்துடுச்சா?" என்று கேட்டாள். வந்துவிட்டது என்றேன்.

கையெழுத்து கைக்கு வந்ததும் நான் குதித்து ஓடுவேன் என்று நினைத்தீர்களா? நானும் அப்படித்தான் நினைத்தேன். ஒரு வாரம் மனுவைத் தலையணைக்கடியில் வைத்துக்கொண்டு படுத்துக் கிடந்தேன். அதுவரை உங்களோடு சண்டை போட்டுக்கொண்டிருந்ததால், சரியா தப்பா என்று யோசிக்கவே தேவையில்லாமல் இருந்தது. நீங்கள் விலகிக்கொண்டதும் எதிரே யாரும் இல்லை. ஒரு நாள் நான்காம் ஆண்டுப் புத்தகங்களை வாங்கிப் புரட்டிப் பார்த்தேன். இன்னொரு நாள் மாடிப்படிக்குக் கீழே போய்ச் சும்மா உட்கார்ந்தேன். உட்கார்ந்த கொஞ்ச நேரத்தில் ஒரு பெரியவர், கடை என்று நினைத்துப் பையை நீட்டிவிட்டார். நான் கடை இல்லை என்று சொல்லவில்லை அப்பா. கை தானாகக் குறட்டைத் தேடியது. சரி, இதுதான் என்று எழுந்து நேராக முதல்வர் அறைக்குப் போனேன்.

முதல்வர் மனுவை ஒரு தரம் படித்தார். மறுபடியும் முதல் பக்கத்துக்குப் போனார். பிறகு, "யாரும்மா எழுதினது இது?" என்று கேட்டார்.

"நான்தான் சார். அப்பா திருத்தினார்."

"உன்னைப் போக வேண்டாம்னு சொல்றதுக்கு நானும் ஒரு காரணம் தேடுறேன். பொத்தான் வரைக்கும் உங்கப்பா பதில் எழுதி வெச்சிட்டார். நான் எதைக் கேக்குறது?"

"அவர் என்னைப் போக விடக்கூடாதுன்னுதான் சார் அதையெல்லாம் கேட்டார்."

முதல்வர் பேனாவை எடுத்தார். பிறகு கையெழுத்துப் போட்டுவிட்டு, மனுவை ஒரு நகல் எடுத்து வைத்துக்கொள்ளலாமா என்று கேட்டார். இனி மனு எழுதத் தெரியாமல் வருகிற பிள்ளைகளுக்குக் காட்டுவாராம். வெளியே வந்தேன். திரும்பி உள்ளே போய் மனுவை வாங்கிக்கொண்டு வந்துவிடலாமா என்றுகூட ஒரு நிமிஷம் தோன்றியது. போகவில்லை.

நாளை மறுநாள் கடை திறக்கிறேன்.

நீங்கள் எழுதியதற்கு நான் பதில் சொல்ல வேண்டும். மாதம் ஒரு தரம் வந்துவிடுவேன் என்று எழுதலாம் என்று பேனாவை எடுத்தேன். எழுதினால் நீங்கள் நம்புவீர்கள், நாள் எண்ணிக்கொண்டு உட்கார்ந்திருப்பீர்கள். அதனால் எழுதவில்லை. கடை ஓடினால் எனக்கு வர நேரம் இருக்காது அப்பா. நீங்கள் பயந்தது நிஜம்தான். உங்களைவிட்டு இருப்பது எனக்கும் லேசு இல்லை. ஆனால் வீட்டுக்கு வருகிற பெண்ணாக என்னை நினைத்துக் காத்திருந்தால் நமக்குக் கட்டாது.

நீங்கள்தான் வர வேண்டும். இங்கே எனக்கு எதிரே இன்னொரு நாற்காலி போட இடம் இருக்கிறது. தலை இடிக்காமல் பார்த்து உட்கார வேண்டும்.

உங்கள் மகள்


ஜூன் 10

கண்ணு,

நீ திடமாக இருக்கிறாய் என்று நம்புகிறேன். இந்தக் கடிதத்தை உங்கப்பா கையிலேயே கொடுத்தனுப்புகிறேன். நன்றாக ஒட்டியிருக்கிறேன். பிரித்துப் படித்திருந்தால் அவர் முகத்திலேயே தெரியும், கேட்க வேண்டியதில்லை.

உன் கடிதம் வந்ததும் நின்றுகொண்டே படித்தார். மறுநாள் ஆபீஸில் விடுப்பு எழுதிக் கொடுத்திருக்கிறார். மனுஷன் இத்தனை வருஷத்தில் லீவே போட்டதில்லையா, வீட்டில் ஏதோ விபரீதம் என்று நினைத்துத் தலைமை அதிகாரி எனக்குப் போன் போட்டுவிட்டார். "மகளைப் பார்க்கப் போறார்" என்றேன். "அதுக்கு ஏன் அவர் அழுதாப்ல இருந்தார்?" என்று கேட்டார். ஜலதோஷம் என்று சொல்லி வைத்தேன்.

பேருந்தில் இருந்து இறங்கியதும் உன்னிடம் பாசமாக ஏதாவது சொல்வார் என்று எதிர்பார்க்காதே. கடைப் பலகையில் எழுத்துப் பிழை இருக்கிறது என்று ஆரம்பிப்பார். வருகிறவர்களிடம் பை எப்படிக் கெட்டது, எப்போது கெட்டது, கெடும்போது யார் உடனிருந்தார்கள் என்று கேள்வி கேட்பார். இரண்டு வாடிக்கையாளராவது ஓடுவார்கள். பொறுத்துக்கொள்.

நான் ஏன் வரவில்லை என்று கேட்பாய். நீங்கள் இரண்டு பேரும் நேரில் கத்தித் தீர்த்துவிடுங்கள், எழுத்தில் போதும். சத்தம் அடங்கியதும் நான் வருகிறேன்.

ஒரு வாரத்தில் திரும்பிவிடுவேன் என்று சொல்லிவிட்டு இப்போது வாசலில் செருப்பு மாட்டிக்கொண்டிருக்கிறார். அலமாரியைத் திறந்து பார்த்தேன், ஒரு சட்டைகூட மிச்சமில்லை. நீயாக அவரை ஊருக்குக் கிளப்பிவிடாதே.

அம்மா